நாலு பேர் வராத மேடை

1956 ஜூலை 7, சனிக்கிழமை இரவு. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் நியூபோர்ட் ஜாஸ் விழா. ட்யூக் எல்லிங்டனின் ஆர்கெஸ்ட்ரா மேடையேற வேண்டிய நேரம். ஆளை எண்ணிப் பார்த்தால் நாலு பேரைக் காணோம். அந்த நாலு பேரில் ஒருவர் பேஸ் வாசிக்கிறவர். எல்லிங்டனுக்கு அப்போது 57 வயது. முப்பது வருடங்களுக்கும் மேலாகக் குழு நடத்திக்கொண்டிருந்தவர். அவசரத்துக்கு வேறொரு பேஸ்காரரை நிறுத்தி, இருக்கிற ஆட்களை வைத்து இரண்டு மூன்று உருப்படிகளை வாசித்துவிட்டு இறங்கினார். மறுபடி அவர் முறை வந்தபோது நள்ளிரவு நெருங்கிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்தது ஜாஸ் கேட்கிற எல்லோருக்கும் தெரிந்த கதை. 1937இல் எழுதிய 'டிமினுவெண்டோ அண்ட் கிரெசெண்டோ இன் ப்ளூ' என்ற உருப்படியை எல்லிங்டன் எடுத்தார். அதன் இரண்டு பாதிகளுக்கும் நடுவே டெனர் சாக்ஸபோன்காரர் பால் கொன்சால்வெஸ் எழுந்து ப்ளூஸ் வாசிக்க ஆரம்பித்தார். பன்னிரண்டு பார் (தாள அளவு) கொண்ட சுற்று. ஒன்று, இரண்டு என்று போய் 27 சுற்று வாசித்தார். கூட்டம் நாற்காலியை விட்டு எழுந்து ஆடியது. மேடையோரம் நின்றிருந்த ட்ரம்ஸ் மேதை ஜோ ஜோன்ஸ், சுருட்டிய செய்தித்தாளால் தாளம் தட்டி உசுப்பேற்றினார். ஆகஸ்டில் 'டைம்' பத்திரிகையின் அட்டையில் எல்லிங்டன். மங்கிக்கொண்டிருந்த அவருடைய மதிப்பு ஒரே இரவில் மீண்டது.

நான் பேச வந்தது அந்த இரவின் முற்பகுதியைப் பற்றி. நாலு பேர் வராத முற்பகுதி. எல்லாக் கட்டுரையிலும் அது ஒரு வரியில் கடந்துபோகும். குழு நடத்துகிற எனக்கு அந்த ஒரு வரியைக் கடக்க முடிவதில்லை.

சென்னையில் ஐந்து பேர் கொண்ட ஜாஸ் குழு ஒன்றை நடத்துகிறேன். ட்ரம்பெட், டெனர் சாக்ஸ், டபுள் பேஸ், ட்ரம்ஸ், பியானோ நான். ஹோட்டல் லவுஞ்சுகள், ஒன்றிரண்டு கலாசார மையங்கள், எப்போதாவது யாராவது பணக்காரர் வீட்டு விருந்து. இந்த ஊரில் ஜாஸுக்கு இருக்கிற இடம் அவ்வளவுதான். அதில் எனக்குக் குறையில்லை. எனக்கு இருக்கிற குறை, ஐந்து பேரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருக்கிற இரவு அபூர்வமாகிக்கொண்டே வருகிறது என்பதுதான்.

போன மாதம் ஒரு ஷோ. ஏழரைக்கு ஆரம்பம், ஆறு மணிக்கு சவுண்ட் செக். ஏழு மணிக்கு பேஸ்காரரிடமிருந்து போன். "சார், கோச்சுக்காதீங்க. ரெக்கார்டிங் இழுத்துடுச்சு. வடபழனியில இருந்து இப்ப கெளம்பினாலும் எட்டரை ஆயிடும். இன்னிக்கு மட்டும் சமாளிச்சுக்கோங்க."

சமாளித்தல் என்றால் என்ன என்பதை வாசிக்காதவர்களுக்கு விளக்க வேண்டும். ஜாஸில் பேஸ் வெறும் கனத்துக்காக இருப்பதில்லை. ஒவ்வொரு அடிக்கும் ஒரு ஸ்வரம் என்று அது நடந்துகொண்டே இருக்கும். எந்த கார்டில் (ஸ்வரக் கூட்டில்) இருக்கிறோம், அடுத்து எங்கே போகிறோம் என்று சாக்ஸ்காரருக்குச் சொல்வது அந்த நடைதான். ட்ரம்ஸ்காரர் சாய்ந்துகொள்வதும் அதன் மேல்தான். அது இல்லையென்றால் என் இடது கை அந்த வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். இடது கை போய்விட்டால் கார்டுகளைச் சொல்ல வலது கை மட்டும்தான் மிச்சம். மெலடியும் கார்டும் ஒரே கையில் நெருக்கியடிக்கும். ஒரு உருப்படிக்கு இதைச் செய்யலாம். ஒரு இரவு முழுக்கச் செய்தால் முன்னங்கை மரத்துப்போகும், வாசிப்பில் மூச்சே இருக்காது. போதாததற்கு என்னுடைய சொந்த உருப்படி ஒன்று எட்டு பார் தனி பேஸோடு ஆரம்பிக்கும். டபுள் பேஸின் அந்தக் கம்பியும் மரமும் இல்லாமல் அதே ஸ்வரங்களைப் பியானோவின் கீழ்க்கோடியில் தட்டினால் வேறு ஏதோ பாட்டு மாதிரிதான் கேட்கிறது.

அன்று ட்ரம்பெட் அண்ணன் செய்ததைச் சொல்லியாக வேண்டும். சர்ச் பேண்டில் வாசிக்கத் தொடங்கி, கல்யாண பேண்டு செட், மெல்லிசைக் குழு என்று எல்லாம் பார்த்துவிட்டு ஜாஸுக்கு வந்தவர். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். சவுண்ட் செக் ஆறு மணி என்றால் ஐந்தே காலுக்கே வந்துவிடுவார். மூலையில் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, மூன்று வால்வையும் கழற்றித் துணியால் துடைத்து, சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு மறுபடி பூட்டி, சன்னமாக நீளமான ஸ்வரங்களை ஊதிக்கொண்டிருப்பார். உதடு சூடாக அரை மணி நேரமாவது வேண்டும் என்பார். பேஸ் வரவில்லை என்றதும் ஒரு வார்த்தை பேசவில்லை. தன் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு வந்து என் இடது பக்கம் போட்டுக்கொண்டார். அன்று இரவு முழுக்க உயரத்துக்குப் போகாமல் கீழ்ஸ்தாயியிலேயே நின்று, சோலோவைச் சுருக்கமாக முடித்து, என் இடது கை திணறுகிற இடங்களிலெல்லாம் கார்டின் அடிஸ்வரத்தைப் பிடித்துக் கொடுத்தார். அவர் வாரம் முழுக்கச் சாதகம் செய்து வைத்திருந்த மெதுவான பாலட் ஒன்றை அன்று வாசிக்கவே இல்லை. பேஸ் இல்லாமல் அது நிற்காது.

வராதவர் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். அதற்கான விலையை வந்தவர் கொடுத்தார். என் ஆதங்கம் முழுக்க இந்த இடத்தில்தான் இருக்கிறது.

ஜாஸ் வரலாற்றைப் படிக்கிறவர்களுக்கு வராதவர்கள்மேல் ஒரு மயக்கம் உண்டு. சார்லி பார்க்கர் சாக்ஸபோனை அடகு வைத்த கதை, மேடைக்கு வராத கதை, தூங்கிப்போன கதை. புத்தகம் புத்தகமாக, சினிமா சினிமாவாகச் சொல்லியிருக்கிறார்கள். பார்க்கர் மேதை என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. ஆனால் அதே கதையை ட்ரம்பெட்காரர் டிஸ்ஸி கில்லெஸ்பியின் பக்கம் நின்று பாருங்கள். 1945 டிசம்பரில் ஹாலிவுட்டில் பில்லி பெர்க்ஸ் கிளப்பில் வாசிக்க கில்லெஸ்பிக்கு ஒப்பந்தம். ஒப்பந்தம் ஐந்து பேருக்கு. அவர் ஆறு பேரோடு போனார். கூடுதல் ஆளாக வைப்ரஃபோன் வாசிக்கும் மில்ட் ஜாக்சன். குழுவில் சாக்ஸ் வாசித்த பார்க்கர் எந்த இரவு வருவார், எந்த இரவு வரமாட்டார் என்று சொல்ல முடியாது. மேடையில் ஐந்து பேராவது நிற்க வேண்டும் என்ற கணக்கு. ஒப்பந்தம் முடிந்து குழு நியூயார்க் திரும்பியபோது பார்க்கர் கூடத் திரும்பவில்லை. டிக்கெட்டைக் காசாக்கிவிட்டு அங்கேயே தங்கிவிட்டார். அடுத்த கோடையில் உடைந்துபோய், கமரில்லோ மனநல மருத்துவமனையில் மாதக்கணக்கில் இருந்தார்.

பீபாப் என்ற புது இசையைக் கலிஃபோர்னியாக்காரர்கள் காதில் போட்ட அந்தப் பயணத்தில், ராத்திரிக்கு ராத்திரி ஆளை எண்ணியது கில்லெஸ்பி. கிளப்காரருக்குப் பதில் சொன்னது கில்லெஸ்பி. இசையில் பார்க்கருக்கு ஒரு படிகூடக் குறையாதவர் அவர். இருந்தாலும் ஒழுங்காக வந்து வாசித்ததாலேயே அவருடைய கதைக்கு அந்தக் காவிய மெருகு கிடைக்கவில்லை. இது நியாயமில்லை என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

ஆளைத் துரத்திவிட வேண்டியதுதானே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸ் அதைச் செய்திருக்கிறார். 1955இல் அவர் சேர்த்த ஐவர் குழு ஜாஸ் வரலாற்றின் மிகப் பெரிய குழுக்களில் ஒன்று. 1956இல் மே 11, அக்டோபர் 26 என்று இரண்டே நாள் ஸ்டுடியோவில் உட்கார்ந்து நான்கு இசைத்தட்டுகளுக்கான சரக்கை வாசித்துத் தள்ளினார்கள். அப்படிப்பட்ட குழுவில் சாக்ஸ் வாசித்த ஜான் கோல்ட்ரேனும் ட்ரம்ஸ் வாசித்த ஃபில்லி ஜோ ஜோன்ஸும் ஹெராயினில் மூழ்கியிருந்தார்கள். மைல்ஸே சில வருடங்களுக்கு முன்னால்தான் அதிலிருந்து கரையேறியவர். 1957இல் இருவரையும் வெளியே அனுப்பினார்.

கோல்ட்ரேன் ஊருக்குப் போய்ப் பழக்கத்தை விட்டொழித்தார். அதே வருடம் பியானோக்காரர் தெலோனியஸ் மங்க்குடன் நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் மாதக்கணக்கில் வாசித்தார். 1958இல் மைல்ஸிடம் திரும்பி வந்தபோது வேறு ஆளாக வந்தார். 1959இல் மைல்ஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' தட்டு. 1964இல் தன் குழுவோடு 'எ லவ் சுப்ரீம்'. அதன் உறையில் 1957இல் தனக்கு நேர்ந்த ஆன்மிக விழிப்பைப் பற்றி அவரே எழுதியிருக்கிறார். ஆகவே துரத்தியது நல்லதாகப் போயிற்று என்று சொல்லலாம். ஆனால் மைல்ஸ் கையில் மாற்று ஆட்கள் இருந்தார்கள். நியூயார்க்கில் தடுக்கி விழுந்தால் ஒரு டெனர் சாக்ஸ்காரர் மேல் விழலாம். எங்கள் ஊரில் டபுள் பேஸில் ஜாஸ் நடையை ஒழுங்காக வாசிக்கிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். துரத்துகிற தைரியம், பின்னால் நிற்கிற வரிசையின் நீளத்தைப் பொறுத்தது.

அந்த மைல்ஸுக்கும் விடிவு உடனே வரவில்லை. 1958இல் 'மைல்ஸ்டோன்ஸ்' பதிவின்போது பியானோ வாசித்த ரெட் கார்லண்ட் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். 'சிட்ஸ் அஹெட்' என்ற உருப்படியில் மற்றவர்களுக்குப் பின்னால் கேட்கிற பியானோ மைல்ஸ் வாசித்தது. ட்ரம்பெட்டைக் கீழே வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறார். அந்தத் தட்டைப் போட்டுக் கேட்டுப் பாருங்கள்: கார்லண்டின் துள்ளல் இல்லை, கார்டுகள் விட்டுவிட்டு, யோசித்து யோசித்து விழுகின்றன. பலருக்கு அது ஒரு புதுமையான ஒலி. எனக்கு, ஆள் போய்விட்ட இடத்தைத் தன் கையால் அடைக்கிற ஒரு தலைவரின் ஒலி.

மாற்று ஆளாக வருகிறவருடைய கஷ்டத்தையும் யாரும் பேசுவதில்லை. ட்ரம்ஸ்காரர் ஜிம்மி காப் பேட்டிகளில் சொன்ன சம்பவம் ஒன்று உண்டு. ஒரு மாலை நியூயார்க்கில் இருந்தவருக்கு மைல்ஸிடமிருந்து போன்: இன்று இரவு ஷோ, வா. எங்கே என்றால் பாஸ்டனில். ட்ரம்ஸைக் கட்டி எடுத்துக்கொண்டு விமானம் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது குழு மேடையில் வாசித்துக்கொண்டிருந்தது. வாசிப்பு நிற்காமல் போய்க்கொண்டிருக்க, இவர் பின்னால் சத்தமில்லாமல் ட்ரம்ஸைப் பூட்டி, 'ரவுண்ட் மிட்நைட்' உருப்படியில் முழுக் குழுவும் ஓங்கி அடிக்கிற இடம் வந்தபோது சரியாக உள்ளே நுழைந்தார். ஃபில்லி ஜோவின் இடத்துக்கு அப்படி வந்தவர்தான் மறுவருடம் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' முழுக்க வாசித்தார். அந்தத் தட்டில் வாசித்தவர்களில் கடைசியாக, 2020இல் காலமானவரும் அவர்தான். கூப்பிட்ட நேரத்துக்கு வந்த மனிதர்.

அடிக்கிற தலைவர்களும் இருந்தார்கள். பேஸ்காரர் சார்ல்ஸ் மிங்கஸ் மேடையிலேயே உருப்படியை நிறுத்திவிட்டு வாசிக்கிறவரைத் திட்டுவார். 1962இல் தன் டிராம்போன்காரர் ஜிம்மி நெப்பரின் வாயில் குத்திப் பல்லை உடைத்தார். அதற்கு நீதிமன்றம் போக வேண்டிவந்தது. பித்தளை வாத்தியக்காரனுக்கு உதடும் பல்லும்தான் சோறு. நெப்பரால் பழைய உயரத்தை வெகுகாலம் எட்ட முடியவில்லை. மிங்கஸின் இசையை உயிராக நேசிக்கிறேன். அந்தக் குத்தை மேதைமையின் கணக்கில் எழுத எனக்குச் சம்மதமில்லை.

ஃப்ளெட்சர் ஹெண்டர்சனின் கதை இவை எல்லாவற்றையும்விட என்னை வாட்டுவது. 1920களில் நியூயார்க் ரோஸ்லண்ட் நடன அரங்கில் அவர் நடத்திய குழுவில் லூயி ஆர்ம்ஸ்ட்ராங் வாசித்திருக்கிறார், கோல்மன் ஹாக்கின்ஸ் வாசித்திருக்கிறார். பெரிய குழு ஜாஸுக்கு இலக்கணம் வகுத்தது அங்கேதான். ஆனால் ஹெண்டர்சன் அதட்டத் தெரியாத மனிதர். 1928இல் ஒரு கார் விபத்துக்குப் பிறகு குழுவின் நிர்வாகத்தில் அவருக்கு இருந்த கொஞ்சநஞ்சப் பிடிப்பும் போயிற்று என்பார்கள். ரெக்கார்டிங்குக்கு ஆட்கள் ஒவ்வொருவராக மணிக்கணக்கில் தாமதித்து வந்து, மிஞ்சிய சொற்ப நேரத்தில் அவசர அவசரமாக வாசித்துக் கொடுத்ததைத் தயாரிப்பாளர் ஜான் ஹேமண்ட் எழுதியிருக்கிறார். 1934 கடைசியில் குழு கலைந்தது. ஹெண்டர்சன் தன் இசைக் குறிப்புகளை இன்னொரு குழுத் தலைவரான பென்னி குட்மனுக்கு விற்றார். குட்மன் வாத்தியக்காரர்களை முறைத்தே நடுங்கவைப்பவர். அதே குறிப்புகளை அவருடைய குழு பிசிறில்லாமல் வாசித்தது. 1935 ஆகஸ்ட் 21 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் பாலமர் அரங்கில் கூட்டம் வெறிகொண்டது. ஸ்விங் யுகம் அங்கே பிறந்தது என்று எழுதுகிறார்கள்.

இதைப் படித்துவிட்டு ஒழுங்கு ஜெயித்தது என்று முடிவு கட்டக் கூடாது. குட்மன் வெள்ளையர். வானொலியில் வாராந்தர நிகழ்ச்சி, நல்ல அரங்குகள், நல்ல ஹோட்டல்கள் எல்லாம் அவருக்குத் திறந்த கதவுகள். ஹெண்டர்சனின் ஆட்கள் கறுப்பர்கள். தெற்கு மாநிலங்களில் சுற்றுப்பயணம் போனால் படுக்க இடம் கிடைக்காது, சாப்பிட இடம் கிடைக்காது. எல்லிங்டன் 1930களில் தெற்கே போகும்போது தனி ரயில் பெட்டிகளை அமர்த்திக்கொண்டு அதிலேயே ஆட்களைத் தங்கவைத்தார். அந்த வசதி எத்தனை பேருக்குக் கட்டுப்படியாகும்? நியூயார்க்கில் 1967 வரை, கிளப்பில் வாசிக்கப் போலீஸ் கொடுக்கும் அட்டை வேண்டும். அதைப் பிடுங்கிவிட்டால் பிழைப்பு போயிற்று. தெலோனியஸ் மங்க் 1951இலிருந்து 1957 வரை அந்த அட்டையில்லாமல் இருந்தார். அந்தக் காலத்தில் அங்கே ஒரு குழுத் தலைவர் மங்க்கை நம்பி கிளப் ஷோ ஒப்புக்கொண்டிருக்க முடியாது. அதில் மங்க்கின் பொறுப்பின்மை எங்கே இருக்கிறது?

என் பேஸ்காரர் விஷயமும் இப்படித்தான் என்று எனக்குத் தெரியும். ஒரு ரெக்கார்டிங்கில் இரண்டு மணி நேரத்தில் அவருக்குக் கிடைப்பது, என் ஷோவில் சவுண்ட் செக்கிலிருந்து வாத்தியம் கட்டி இறக்குவது வரை நின்றாலும் கிடைக்காது. டபுள் பேஸ் ஆட்டோவில் ஏறாது. வேன் வாடகையே சம்பளத்தில் பாதியைத் தின்றுவிடும். இரண்டு பிள்ளைகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டுகிற மனுஷன் ரெக்கார்டிங்கை விட்டுவிட்டு என் மைனர் ப்ளூஸுக்கு ஓடி வர வேண்டும் என்று நான் எதிர்பார்க்க முடியாது. எனக்கு வருத்தம் அவர் ரெக்கார்டிங்குக்குப் போனதில் இல்லை. மூன்று மணிக்கே தெரிந்திருக்கும் விஷயத்தை ஏழு மணிக்குச் சொன்னதில்தான். அந்த நாலு மணி நேரம் கிடைத்திருந்தால் உருப்படிகளை மாற்றியிருப்பேன், தாம்பரத்திலிருந்து பேஸ் வாசிக்கிற ஒரு பையனை வரவழைத்திருப்பேன், அண்ணன் தன் பாலட்டை வாசித்திருப்பார்.

எல்லிங்டன் யாரையும் எளிதில் துரத்தமாட்டார். கொன்சால்வெஸ் 1950இல் அவரிடம் சேர்ந்தவர். குடி, அதைவிட மோசமான பழக்கங்கள். மேடையிலேயே நாற்காலியில் தூங்கிப்போனதுண்டு. 1956இல் அந்த 27 சுற்றையும் அவர் ஊதியது தப்பான மைக்கில்! கொலம்பியா கம்பெனி தட்டு போட வைத்த மைக்கை விட்டுவிட்டு, பக்கத்தில் வானொலிக்காரர்கள் வைத்த மைக்கில் வாசித்துவிட்டார். அதனால் தட்டில் அவர் எங்கோ தொலைவில் நிற்பதுபோலத்தான் பல வருடங்கள் கேட்டது. பிறகு அந்த வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியின் நாடா கிடைத்து, இரண்டையும் சேர்த்து 1999இல் வெளியிட்டபோதுதான் அவரைப் பக்கத்தில் கேட்க முடிந்தது.

இப்படி ஒருவரை இருபத்துச் சொச்சம் வருடம் ஏன் வைத்திருந்தார்? என் பதில் இது. எல்லிங்டன் 'டெனர் சாக்ஸ்' என்று பொதுவாக ஒரு வாத்தியத்துக்கு எழுதவில்லை. இந்த ஆளுடைய மூச்சு இப்படி, அந்த ஆளுடைய இழுப்பு அப்படி என்று ஆளுக்கு எழுதினார். 1940இல் கூட்டி வில்லியம்ஸ் என்ற ட்ரம்பெட்காரருக்காக எழுதிய உருப்படிக்கு அவர் பெயரையே வைத்தார். அப்படி எழுதுகிறவருக்கு ஆள் மாறினால் உருப்படியே மாறிவிடும். 1951இல் அவர் குழுவிலிருந்து ஜானி ஹாட்ஜஸ், லாரன்ஸ் பிரௌன், சன்னி கிரீர் மூவரும் ஒன்றாக விலகியபோது, ஹாரி ஜேம்ஸ் குழுவிலிருந்து மூவரைக் கொண்டுவந்து மேடையை நிரப்பினார். ஆனால் ஹாட்ஜஸின் ஆல்ட்டோ சாக்ஸ் ஒலிக்கு அவர் நாலு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1955இல் ஹாட்ஜஸ் திரும்பினார். அடுத்த வருடம் நியூபோர்ட். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருடம் முழுக்க எல்லோருக்கும் சம்பளம் கொடுக்க எல்லிங்டன் தன் பாடல்களின் உரிமத் தொகையைக் குழுவுக்குள் கொட்டினார். காலையில் எழுதியதை அன்று மாலையே, அந்த ஆட்களின் ஒலியிலேயே கேட்க அவர் கொடுத்த விலை அது.

அந்தப் பொறுமை வீண்போகவில்லை. ஆனால் அது சாத்தியமானதற்கு ஹாரி கார்னி ஒரு காரணம். 1927இல் 17 வயதுப் பையனாகச் சேர்ந்தவர். பாரிடோன் சாக்ஸ். எல்லிங்டன் 1974 மே 24 அன்று இறக்கும்வரை, நாற்பத்தேழு வருடம் அந்த நாற்காலியை விடவில்லை. ஊர் விட்டு ஊர் போகும்போது தன் சொந்தக் காரில் எல்லிங்டனைப் பக்கத்தில் உட்காரவைத்து இரவு முழுக்க ஓட்டுவார். எல்லிங்டன் பேசாமல் யோசித்துக்கொண்டும் குறிப்பெழுதிக்கொண்டும் வருவாராம். எல்லிங்டன் குழுவின் எந்தத் தட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். சாக்ஸபோன்களின் அடியில் பழுத்த, அகலமான ஒலி ஒன்று ஓடும். மேலே இருக்கிறவர்கள் ஒரு இரவு தடுமாறினாலும் தாங்கிக்கொள்கிற ஒலி. அது கார்னி. அவரைப் பற்றிச் சினிமா எதுவும் எனக்குத் தெரிந்து வரவில்லை. 1974 மே மாதத்தில் எல்லிங்டனுக்கு ஒன்பது நாள் முன்னால் கொன்சால்வெஸ் இறந்தார். படுக்கையில் இருந்த எல்லிங்டனிடம் அந்தச் செய்தியைச் சொல்லவில்லை. அதே வருடம் அக்டோபரில் கார்னியும் போய்ச் சேர்ந்தார்.

குழுத் தலைவர்களின் வாழ்க்கையைப் படித்ததில் எனக்குத் தெளிவான ஒன்று: வராதவரை என்ன செய்வது என்பதிலேயே என் யோசனை முழுவதையும் செலவழித்துக்கொண்டிருந்தால், வந்தவருக்கு நான் செய்ய வேண்டியது நின்றுபோகும். ஆகவே சில விஷயங்களை மாற்றியிருக்கிறேன். சொன்ன நேரத்துக்கு ஆரம்பம்; மூன்று பேர் இருந்தால் மூன்று பேர். எல்லிங்டனும் எத்தனையோ இரவுகளில் பாதிக் குழுவோடு ஆரம்பித்திருக்கிறார், மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்திருக்கிறார்கள். முதல் இரண்டு உருப்படிகள் பேஸோ ட்ரம்ஸோ இல்லாமலும் நிற்கிற மாதிரி எழுதி வைத்திருக்கிறேன். ட்ரம்பெட்டும் பியானோவும் மட்டும் வாசிக்கிற ஒன்று அதில் உண்டு. அண்ணனுடைய கீழ்ஸ்தாயிக்கென்றே எழுதியது. அவருடைய பாலட் இனி எந்த ஷோவிலும் வெட்டுப்படாது. பேஸ் இல்லாத இரவுக்கென்று அதற்குத் தனியாக ஒரு பியானோ பகுதி எழுதிவிட்டேன். பேமென்ட் அன்றைக்கு ராத்திரியே, கையில்.

பேஸ்காரரிடம் போன வாரம் நேரில் போய்ப் பேசினேன். "ரெக்கார்டிங் வந்தா போங்க சார், நான் தடுக்கலை. ஆனா அது இழுக்குதுன்னு தெரிஞ்ச நிமிஷம் எனக்கு மெசேஜ் வரணும். வேன் வாடகையை இனிமே குழுக் கணக்கில போட்டுக்கலாம்" என்றேன். வேன் வாடகை என்றதும் நிமிர்ந்து பார்த்தார். இத்தனை நாள் அதை யாரும் கேட்டதில்லை போல. "சரி சார், இனிமே அப்படி ஆகாது" என்றார். ஆகலாம். தாம்பரத்துப் பையனுக்கும் எல்லா உருப்படிகளின் குறிப்பையும் கொடுத்திருக்கிறேன். மாதத்தில் ஒரு ஷோ அவனுக்கு என்று ஒதுக்கி, அதற்கு முழுச் சம்பளம் பேசியிருக்கிறேன். இதை அவனுக்கு முன்னால் பேஸ்காரரிடமே சொல்லிவிட்டேன். அடுத்த ஷோ 22ஆம் தேதி, ஏழரை மணிக்கு.